ஆறு பென்ஸ் கொடுத்த பெண்களும் அரசர் கொடுத்த வாளும்

‘சகோதர நகரம்’ என்ற சொல்லைச் செய்தித்தாளில் பார்த்தால் நம்மில் பலர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். இரண்டு மேயர்கள், இரண்டு சால்வைகள், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம், அதற்குக் கீழே ஒரு புகைப்படம். சென்னைக்கும் இப்படிச் சகோதர நகரங்கள் உண்டு. ரஷ்யாவின் வோல்கோகிராட் ஒன்று, அமெரிக்காவின் டென்வர் இன்னொன்று. டென்வரோடு உறவு ஏற்பட்டது 1984இல். அங்கே சென்னையின் பெயரில் ஒரு பூங்காவே இருக்கிறது. வியாசர்பாடியிலோ கண்ணகி நகரிலோ யாரிடமாவது போய், “உங்க ஊருக்கு டென்வர்ல ஒரு சகோதரி இருக்கா” என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு நியாயமானது. நகரம் நட்பு கொண்டது என்று சொல்லும்போது, நகரத்தில் யார் நட்பு கொண்டது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

ஆனால் இந்த ஏற்பாடு பிறந்த கதையைப் படித்தால் அவ்வளவு சுலபமாகச் சிரித்துவிட்டுப் போக முடியாது. நம் சென்னையின் சகோதரியான அதே வோல்கோகிராடிலிருந்துதான் அந்தக் கதை தொடங்குகிறது. அப்போது அதன் பெயர் ஸ்டாலின்கிராட்.

1940 நவம்பர் 14 இரவு, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள கோவென்ட்ரி என்ற தொழில் நகரத்தின் மீது ஏறக்குறைய 500 ஜெர்மன் விமானங்கள் விடிய விடியக் குண்டு போட்டன. 500க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நகரத்தின் நடுவே இருந்த பழைய பேராலயம் எரிந்து வெறும் சுவர்களாக நின்றது. ஒரு நகரத்தை இப்படி அழிப்பதற்கு நாஜிகள் அந்த ஊரின் பெயரிலிருந்தே ஒரு வினைச்சொல்லை உருவாக்கினார்கள்: ‘கோவென்ட்ரி ஆக்குவது’. இரண்டு ஆண்டு கழித்து, 1942 ஆகஸ்ட் கடைசியில், அதே விமானப்படை ஸ்டாலின்கிராட் மேல் இறங்கியது. அங்கே தெருத்தெருவாக, வீடுவீடாகச் சண்டை நடந்துகொண்டிருந்த மாதங்களில் கோவென்ட்ரிப் பெண்கள் ஒரு மேசைவிரிப்பை எடுத்து, 830 பேர் தங்கள் பெயரை அதில் நூலால் தைத்தார்கள். பெயர் தைத்தவர்கள் தலைக்கு ஆறு பென்ஸ் போட்டார்கள். அப்போது கோவென்ட்ரியின் மேயர் எமிலி ஸ்மித் என்ற பெண். மேசைவிரிப்பும் பணமும் ஸ்டாலின்கிராடுக்குப் போயின. பெரிய அனுதாப வார்த்தைகளைவிடச் சின்ன உதவி மேல் என்ற பொருளில் ஒரு வரியும் அந்தத் துணியில் தைக்கப்பட்டிருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் காலத்து ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். 830 பேர் ஆறாறு பென்ஸ் போட்டால் மொத்தம் 21 பவுண்டுகூட வராது. ஒரு பீரங்கியின் சக்கரத்துக்குக்கூட அது போதாது. ஆனால் போர்க்கால ரேஷனில் வாழ்ந்த, தாங்களே குண்டடி பட்ட ஒரு ஊரின் பெண்கள் அதைக் கொடுத்தார்கள். யார் கொடுத்தார் என்று பெயரும் போட்டார்கள். ‘கோவென்ட்ரி மக்கள் சார்பாக’ என்று ஒற்றை வரியில் முடித்திருந்தால் வேலை மிச்சம். அவர்கள் ஒவ்வொரு பெயரையும் தைத்தார்கள். ஒரு பெயரை ஊசியால் தைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

இதன் பக்கத்தில் இன்னொரு பரிசை வைத்துப் பார்க்க வேண்டும். அதே ஸ்டாலின்கிராடுக்கு இங்கிலாந்து அரசர் ஆறாம் ஜார்ஜ் ஒரு வாள் செய்யச் சொன்னார். 1943 நவம்பரில் டெஹ்ரான் மாநாட்டில் சர்ச்சில் அதை ஸ்டாலின் கையில் கொடுத்தார். பட்டாளம், இசைக்குழு, புகைப்படக்காரர்கள் எல்லாம் இருந்தார்கள். வாளில் பிரிட்டிஷ் மக்களின் மரியாதைக்கு அடையாளமாக அரசரின் பரிசு என்று பொறித்திருந்தது. அதே 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும், செத்தவர்களில் பெரும்பகுதி நிலமற்ற கூலிகளும் மீனவர்களும் என்பதையும், அந்தப் பேரரசின் மரியாதையைப் பற்றிப் பேசும்போது நாம் மறக்க வேண்டியதில்லை. வாளும் மேசைவிரிப்பும் இன்று வோல்கோகிராடில் ஒரே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வாளைக் கொடுத்தவரும் வாங்கியவரும் சில ஆண்டுகளில் பனிப்போரின் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றார்கள். 1944இல் முறைப்படி ஏற்பட்ட கோவென்ட்ரி-ஸ்டாலின்கிராட் உறவு அந்தப் பனிப்போர் முழுவதையும் தாண்டி வந்தது.

லிடிட்சே என்ற ஊரின் கதையும் இதே காலத்தில்தான் வருகிறது. வெண்மணியின் பெயரைச் சொல்லி வளர்ந்த நம்மால் இதைச் சாதாரணமாகப் படித்துவிட முடியாது. செக் நாட்டில் கிளாட்னோ சுரங்கப் பகுதியை ஒட்டிய ஒரு சின்னக் கிராமம் அது. நாஜித் தலைவர்களில் ஒருவனான ஹைட்ரிக் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, ஆதாரமே இல்லாத ஒரு சந்தேகத்தின் பேரில், 1942 ஜூன் 10 அன்று அந்த ஊரின் ஆண்கள் 173 பேரை ஒரு பண்ணைத் தோட்டத்தில் வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். பெண்களை வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் பிறகு கொல்லப்பட்டார்கள். வீடுகளை எரித்து, இடித்து, ஊரை வரைபடத்திலிருந்தே எடுத்துவிடப் பார்த்தார்கள்.

இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் என்ற ஊரில் பார்னெட் ஸ்ட்ராஸ் என்று ஒரு மருத்துவர் இருந்தார். போலந்தில் பிறந்த யூதர். நிலக்கரிச் சுரங்கத்திலும் மண்பாண்ட ஆலைகளிலும் வேலை செய்து நுரையீரல் முழுக்கத் தூசி அடைத்துச் செத்துக்கொண்டிருந்த தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்த்தவர், அவர்களின் நஷ்டஈட்டுக்காகச் சண்டை போட்டவர். லிடிட்சே செய்தி வந்ததும் அவர் போய்ப் பேசியது சுரங்கத் தொழிலாளர் சங்கத்திடம். 1942 செப்டம்பர் 6 அன்று ஸ்டோக்கில் கூட்டம் போட்டு, ‘லிடிட்சே வாழும்’ என்று இயக்கத்துக்குப் பெயர் வைத்தார்கள். தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து பணம் கொடுத்தார்கள். சுமார் 32,000 பவுண்டு சேர்ந்தது. போர் இன்னும் முடியவில்லை, யார் ஜெயிப்பார்கள் என்றே தெரியாது, அதற்குள் கண்ணால் பார்த்திராத ஒரு ஊரைத் திரும்பக் கட்ட உண்டியல் குலுக்கியிருக்கிறார்கள். போர் முடிந்தபின் 1947இல் புது லிடிட்சேயைக் கட்டும் வேலை தொடங்கியது. கோவென்ட்ரியும் லிடிட்சேயைத் தன் சகோதர ஊராக ஏற்றுக்கொண்டது.

சுரங்கத்துக்குள் தூசி தின்றவனுக்கு இன்னொரு சுரங்க ஊரின் சாவு ஏன் புரிந்தது என்று கேட்டால், எங்களுடைய எம்.ஏ. பாடத்தில் அதற்கு ‘வர்க்க ஒருமைப்பாடு’ என்று பதில் எழுதி மதிப்பெண் வாங்கலாம். அந்தச் சொல் சரியானதுதான், ஆனால் அதில் மனசு ஒட்டவில்லை. அழிக்கப்பட்டவனின் பெயரை இன்னொருவன் தன் பெயரோடு சேர்த்து எழுதிக்கொள்கிறான் என்று சொன்னால் எங்களுக்கு இன்னும் கொஞ்சம் விளங்குகிறது. 1946இல் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த மனுவின் நகல் கிடைக்குமா என்று கேட்டார். நம்முடைய நிலைக்கும் உங்கள் நிலைக்கும் இவ்வளவு ஒப்புமை இருக்கிறதே என்று எழுதினார். டுபாய்ஸும் பதில் போட்டார். அதுவும் எல்லை தாண்டிய உறவுதான், அதற்கு எந்த மாநகராட்சியும் தீர்மானம் போடவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் அடிபட்டவர்கள் அடிபட்டவர்களோடு சேர்ந்த கதை. அடித்தவர்களோடு சேர்ந்த கதை டிரெஸ்டன்.

1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கி பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தைத் தீக்குழியாக்கின. சுமார் 25,000 பேர் செத்தார்கள் என்று 2010இல் அந்த நகரம் அமைத்த வரலாற்றாளர் குழு கணக்குக் கொடுத்தது. குண்டு வாங்கிய கோவென்ட்ரியும், தன் நாட்டு விமானங்கள் குண்டு போட்ட டிரெஸ்டனும் 1959இல் சகோதர நகரங்கள் ஆயின. டிரெஸ்டன் அப்போது கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. அந்த அரசை பிரிட்டன் அங்கீகரித்ததே 1973இல்தான். அதாவது இரண்டு அரசுகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத காலத்தில் இரண்டு ஊர்கள் பேசிக்கொண்டிருந்தன.

இந்த இடத்தில் நம் இளைஞர்களுக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். வராவிட்டால்தான் எங்களுக்குக் கவலை. ‘மன்னிப்பு’, ‘நல்லிணக்கம்’ என்ற சொற்களை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? சேரி தாக்கப்பட்ட மறுவாரம் தாலுகா அலுவலகத்தில் நடக்கும் சமாதானக் கூட்டத்தில் கேட்டிருக்கிறோம். சமூகப் பணியாளர்கள் என்ற முறையில் அப்படிப்பட்ட அறைகளில் நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். கூரை எரிந்தவரும் எரித்தவரும் ‘இரு தரப்பு’ ஆகிவிடுவார்கள். இரு தரப்பும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். டீ வரும். பிறகு வன்கொடுமை வழக்கைத் திரும்பப் பெற்றால் ஊர் அமைதியாக இருக்கும் என்று யாராவது மெதுவாகச் சொல்வார்கள். அந்த அறையிலிருந்து வந்தவர்களுக்கு கோவென்ட்ரி-டிரெஸ்டன் கதையைக் கேட்டவுடன் நெருடத்தான் செய்யும். எங்களுக்கும் நெருடியது.

அதனால்தான் வரிசையைக் கவனிக்கச் சொல்கிறோம். கோவென்ட்ரிப் பேராலயத்தின் தலைமைப் பாதிரியார் ரிச்சர்ட் ஹோவர்ட், எரிந்த ஆலயத்தின் சுவரில் மன்னிப்புக் கேட்டு இரண்டே சொற்களைப் பொறிக்க வைத்தார். ஏசு சொன்னதாக பைபிளில் வரும் வாக்கியத்தில் ‘இவர்களை’ என்ற சொல் உண்டு, ஹோவர்டின் சுவரில் அது இல்லை. குண்டு போட்டவர்களை மட்டும் குறிப்பிட்டு மன்னிக்கச் சொல்லவில்லை அவர். இது பெரிய மனசுதான். ஆனால் இந்த மனசை யாரும் அவர்மேல் திணிக்கவில்லை. நாஜிகளோடு ‘இரு தரப்பு’ கூட்டம் போடச் சொல்லி யாரும் கோவென்ட்ரியைக் கூப்பிடவில்லை. நாஜி ஆட்சி வீழ்ந்தது, நியூரம்பெர்க்கில் அதன் தலைவர்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள், அதற்குப் பிறகுதான் நகரங்கள் கைகோர்த்தன. லிடிட்சேயின் விதவைகளிடம் 1942இல் போய் நல்லிணக்கம் பேசியிருந்தால் அதற்கு நாம் என்ன பெயர் வைப்போம்?

இன்னொன்று, இந்தக் கதையில் முதல் அடி யார் எடுத்து வைத்தது என்பது. ஜெர்மனியில் லோதர் கிரைசிக் என்ற நீதிபதி இருந்தார். மனநோயாளிகளையும் உடல் ஊனமுற்றோரையும் நாஜி அரசு கொன்றபோது எதிர்த்து நின்று பதவி இழந்தவர். அவர் 1958இல் ‘பரிகாரத்தின் அடையாளம்’ என்று ஒரு அமைப்புக்கு அழைப்பு விடுத்தார். போரைத் தொடங்கியது நாங்கள், லட்சக்கணக்கான யூதர்களைக் கொன்றது நாங்கள் என்று முதலில் அந்த அழைப்பு ஒப்புக்கொண்டது. அதன்பின், எங்களால் கொடுமை அனுபவித்த மக்களே, உங்கள் நாட்டில் வந்து எங்கள் கையாலும் எங்கள் பணத்தாலும் ஏதாவது நல்லது செய்ய எங்களுக்கு அனுமதி கொடுங்கள் என்று கேட்டது. 1961இல் ஜெர்மன் இளைஞர்களின் ஒரு சிறு குழு கோவென்ட்ரிக்கு வந்து, இடிந்த பேராலயத்தின் ஒரு பகுதியைச் சீரமைத்து, அதை ஒரு சர்வதேச மையமாக்கிக் கொடுத்தது. நான்கு ஆண்டு கழித்து 1965இல் பிரிட்டிஷ் இளைஞர்கள் டிரெஸ்டனுக்குப் போய், குண்டில் சிதைந்திருந்த ஒரு கிறித்தவ மருத்துவமனையைத் திரும்பக் கட்டும் வேலையில் இறங்கினார்கள்.

தப்பு செய்தது நாங்கள் என்று சொல்வது, உள்ளே வரலாமா என்று அனுமதி கேட்பது, பிறகு மண்வெட்டியைத் தூக்குவது. இந்த மூன்றும் நடந்த ஒரு சமாதானக் கூட்டத்துக்கு நம்மைக் கூப்பிடட்டும், நாம் போகலாம்.

டிரெஸ்டன் கதையின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த நகரத்தின் துயரத்தை நவநாஜிகள் திருடப் பார்த்தார்கள், இன்னும் பார்க்கிறார்கள். பிப்ரவரி 13 வந்தால் ஊர்வலம் போய், பார்த்தீர்களா, நாங்கள்தான் பாதிக்கப்பட்டவர்கள் என்று காட்டுவது அவர்களின் வேலை. செத்தவர்களின் எண்ணிக்கையைப் பல மடங்கு ஊதிக் காட்டினார்கள். வரலாற்றாளர் குழு தேவைப்பட்டதற்கு அந்தப் பொய்க்கணக்கும் ஒரு காரணம். 2010இல் டிரெஸ்டன் மக்கள் ஆயிரக்கணக்கில் கைகோர்த்து மனிதச் சங்கிலியாக நகர மையத்தைச் சுற்றி நின்றார்கள். வெளிநாட்டாருக்கும் முஸ்லிம்களுக்கும் எதிரான பெகிடா ஊர்வலங்கள் 2014இல் தொடங்கியதும் இதே டிரெஸ்டனில்தான். சகோதர நகரம் என்ற பலகை ஊர் எல்லையில் இருந்தால் ஊர் திருந்திவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடித்த கூட்டத்தின் வாரிசுகள் ‘பாதிக்கப்பட்டவர்’ வேடம் போடுவது நமக்குப் பழக்கமான காட்சிதானே. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தால் நாங்கள்தான் பாதிக்கப்பட்டவர்கள் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோது கோவென்ட்ரிக்கு ஒரு சங்கடம் வந்தது. மார்ச் மாதத்தில் வோல்கோகிராடோடு இருந்த சகோதர நகர உறவை நிறுத்திவைப்பதாக நகர நிர்வாகம் அறிவித்தது. 78 ஆண்டு உறவு. 830 பெண்களின் உழைப்பை ஒரு அறிக்கையில் தூக்கிப் போடுவதா என்று கோபப்படலாம், அந்தக் கோபம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெண்கள் அப்போது யாருக்குத் தைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். குண்டுக்கடியில் இருந்த ஊருக்குத் தைத்தார்கள். 2022இல் குண்டுக்கடியில் இருந்தவை மரியுபோல், கார்கிவ். அந்தப் பக்கம் பார்த்துக் கையை நீட்டுவதுதான் மேசைவிரிப்புக்கு உண்மையாக இருப்பது என்று நாங்கள் கருதுகிறோம். மேயரும் மேயரும் கைகுலுக்குவதை நிறுத்தியது சரி. வோல்கோகிராடின் ஒரு ஆசிரியையோ மாணவனோ எழுதும் கடிதத்துக்குப் பதில் போடுவதை நிறுத்தினால் அது தவறு. போரை எதிர்த்து ரஷ்யாவுக்குள் பேசியவர்கள் சிறைக்குப் போனார்கள். அவர்களுக்கு வெளியூரில் ஒரு நண்பன் தேவைப்படுவது இப்போதுதான். ‘முறிக்கிறோம்’ என்று சொல்லாமல் ‘நிறுத்திவைக்கிறோம்’ என்று சொன்னதில் ஒரு கதவு திறந்திருக்கிறது.

கோவென்ட்ரியைப் பற்றி இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு, நமக்குச் சொந்தமான ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. போருக்குப் பிறகு அந்த நகரத்தின் இரும்பு வார்ப்பாலைகளுக்கும் கார் தொழிற்சாலைகளுக்கும் பஞ்சாபிலிருந்து ஏராளமானவர்கள் வேலைக்குப் போனார்கள். சாதியும் கூடவே கப்பல் ஏறியது. அந்தப் பகுதி நகரங்களில் ரவிதாசர் பெயரிலும் வால்மீகி பெயரிலும் தனிக் கோயில்கள் இருப்பதே அதற்குச் சாட்சி. கோவென்ட்ரியில் ஒரு சட்ட அலுவலகத்தில் வேலை பார்த்த, வெவ்வேறு சாதிகளில் பிறந்து கல்யாணம் செய்துகொண்ட ஒரு தம்பதி, சாதியின் பெயரால் தங்களை ஒடுக்கினார்கள் என்று தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். பல வாரம் விசாரித்த பிறகு, 2013இல் நீதிபதி வழக்கிலிருந்து விலகினார். தீர்ப்பே வராமல் விசாரணை நின்றுபோனது.

அதே 2013இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சாதியையும் சமத்துவச் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டியது அரசின் கடமை என்று சட்டத் திருத்தம் செய்தது. தலித் அமைப்புகள் பல ஆண்டு போராடிப் பெற்றது அது. சாதி இந்துக்களின் அமைப்புகள் சும்மா இருக்கவில்லை. கலந்தாய்வு நடத்துகிறோம் என்று அரசு இழுத்தது. 2018 ஜூலையில், அந்தக் கடமையை நீக்கப்போகிறோம், ஏற்கெனவே உள்ள நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று அறிவித்தது. இருபதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டு நகரங்களோடு சகோதர உறவு வைத்திருக்கும் ஒரு ஊரில், ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இடையே இருந்த தூரத்தை எந்தப் பெயரில் எழுதுவது என்று அந்த நாட்டுச் சட்டத்தால் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை.

பிரிட்டனுக்குப் படிக்கப் போகும் தம்பி தங்கைகள் கோவென்ட்ரிக்குப் போனால் அந்த எரிந்த பேராலயத்தை அவசியம் பாருங்கள். மேலே வானம்தான் கூரை, திறந்தே கிடக்கிறது. பார்த்துவிட்டு அந்த ஊரின் ரவிதாசர் சபையையும் தேடிப் போய், அங்கே உள்ள பெரியவர்களிடம் வார்ப்பாலைக் காலத்துக் கதையைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். யார் சொன்னது என்று பெயரும் போடுங்கள், அவர்கள் சம்மதித்தால்.